அறுவைக்குப் பின் இயற்கைப் பிரசவம்



முதற் குழந்தையை அறுவை செய்து எடுத்துவிட்டால் அடுத்ததற்கும் கத்திதான் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மருத்துவர் ஆராய்ந்து இசைவளித்தபின் முயல்பவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் இயற்கையாகவே பெற்றெடுக்கின்றனர். முன்பு ஒருமுறையேனும் இயல்பாகப் பெற்றிருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

முதல் அறுவைக்குக் காரணம் யாது என்பதையும் நோக்கவேண்டும். குழந்தை தலைமாறி இருந்ததே காரணமாயின், இம்முறை அக்குறை இராமற்போகலாம். நெடுநேரம் வலி கண்டும் குழந்தை இறங்காமையே காரணமாயின், நம்பிக்கை சற்றுக் குறைவே. உடற்பருமனும் மருந்திட்டு வலியை வரவழைப்பதும் வாய்ப்பைக் குறைக்கும்.

வயிற்றின் மேலுள்ள தழும்பைப் பார்த்து எதையும் சொல்லிவிட இயலாது. உள்ளே கருப்பையை எப்படி வெட்டினார்கள் என்பதே கேள்வி. அதன் மேற்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் முயலவே கூடாது. ஆதலால் பழைய மருத்துவமனைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். முதற் பரிசோதனையிலேயே தாதியிடம் காட்டுங்கள்.

கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டாயினும், ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குப் பிரசவ வலியின்போது தழும்பு பிரியக்கூடும். அப்போது செம்மண் பாதையில் வண்டி தேட நேரமிராது. எனவே லயத்து வீட்டில் பிரசவம் வேண்டா. அறுவைக்கூடமுள்ள மருத்துவமனையே தக்க இடம். தோட்டம் தொலைவாயின், நாள் நெருங்குமுன்பே பட்டணத்து உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். வண்டி ஏற்பாடு கணவன்மார்களின் பொறுப்பு.