புலம்பெயர் வீட்டின் மின்கணக்கு

புத்தூரிலே வெங்காயமும் புகையிலையும் பயிரிடுகின்ற தோட்டக்காரருக்கு மின்சாரம் என்றவுடன் முதலிற் கிணறுதான் நினைவுக்கு வரும். துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்த காலம் கழிந்து, மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்து, அதன்பின் மின்மோட்டர் வந்தது. எத்தனை மணி நேரம் இறைத்தால் எத்தனை அலகு ஓடும் என்பதை அவர் மனத்திலேயே கணக்கிட்டு வைத்திருப்பார். அத்தகைய வீட்டிலே பிறந்து வளர்ந்த ஒரு மகனோ மகளோ ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் ஒஸ்லோவுக்கும் குடிபெயரும்பொழுது, அந்த மனக்கணக்கையும் கூடவே கொண்டு செல்கின்றனர். சென்ற இடத்தில் முதற் பட்டியல் கைக்கு வந்ததும் அக்கணக்கு முற்றாகப் பொய்த்துப் போகின்றது.

அஃது ஏன் பொய்க்கின்றது என்பதைச் சற்று ஆராய்தல் தகும். புறப்படுகின்றவர் முதலிற் செய்யும் காரியம், அந்நாட்டு அலகின் விலையை இலங்கை ரூபாவில் பெருக்கிப் பார்ப்பதாகும். 2025ஆம் ஆண்டின் வேனிற் காலத்தில் இங்கிலாந்தில் ஓர் அலகு ஏறத்தாழ 27 பென்ஸ். ரூபாவிற் கணக்கிட்டால் அது நூறு ரூபாவுக்கு மேற்பட்டு நிற்கும். புத்தூரிலிருக்கும் தாயார் அதைக் கேட்டு நெஞ்சிற் கைவைப்பார். ஆயினும் அங்கே உழைப்பவர் ரூபாவில் உழைப்பதில்லை. ஒரு மணி நேரக் கூலியில் எத்தனை அலகு வாங்கலாம் என்று பார்ப்பதே பொருந்திய கணக்கு. அவ்வாறு பார்த்தால் அந்நாட்டு மின்சாரம் அத்துணை அச்சுறுத்துவதாய்த் தோன்றாது. அச்சம் வரவேண்டிய இடம் வேறு.

அந்த இடம் குளிர். புத்தூரில் எரிகின்ற 9 வாற்று விளக்கு ஒன்று இரவு எட்டு மணி நேரம் எரிந்தாலும் ஓர் அலகில் பத்தில் ஒரு பங்கும் ஆகாது. குளிர்நாட்டில் 2 கிலோவாற்றுச் சூடேற்றி ஒன்று ஓய்வின்றி அதே எட்டு மணி நேரம் இயங்கினால் 16 அலகு செலவாகும். அந்த ஓர் இரவின் மின்சாரத்தைக் கொண்டு புத்தூர் விளக்கை இருநூற்று இருபது இரவுகளுக்கு மேல் எரிக்கலாம்! ஆகவே, அந்நாட்டில் அலகு என்ன விலை என்று கேட்பதற்கு முன், வீடு எதனால் சூடாக்கப்படுகின்றது என்று கேட்டல் வேண்டும். இங்கிலாந்திலும் ரொறன்ரோவிலும் பெரும்பாலான வீடுகளை எரிவாயு சூடாக்குகின்றது. அங்கே மின்பட்டியல் சிறுத்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தவர், எரிவாயுப் பட்டியல் வேறாக வரும்போது திகைப்பார். மொன்றியலில் மின்சாரமே வீட்டைச் சூடாக்குவது வழக்கம். கியூபெக் மாகாணம் தன் பேராறுகளின் நீர்வலுவைக் கொண்டு மின்சாரம் ஆக்கி, 1963இல் தனியார் மின் நிறுவனங்களையும் பொதுவுடைமையாக்கி, வட அமெரிக்காவிலேயே மிகக் குறைந்த விலைகளுள் ஒன்றுக்கு அதனை வழங்கி வருகின்றது. எனவே அங்கே அலகுகள் மிகும்; அலகின் விலையோ குறையும். ரொறன்ரோ உறவினரின் பட்டியலை வைத்துக்கொண்டு மொன்றியலுக்குக் கணக்கிடுவோர் தவறாமல் ஏமாறுவர்.

ரொறன்ரோவிலே சொல்லொன்றும் புதியவரை இடறச் செய்வதுண்டு. ஸ்காபரோவில் நிலவறை வீடொன்றை வாடகைக்குப் பேசும்போது, 'ஹைட்ரோ' வாடகையிற் சேருமா, புறம்பா என்று பேச்சு வரும். ஹைட்ரோ என்றால் தண்ணீர்க் கட்டணம் என்று எண்ணித் தலையசைத்தவர் உண்டு. ஒன்ராறியோ மாகாணத்தில் அச்சொல் மின்சாரத்தையே குறிக்கும். 1906இல் சேர் அடம் பெக் என்பவரின் முயற்சியால் அமைந்த நீர்மின் ஆணைக்குழு நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தை ஊரூராகக் கொண்டு சென்றமையால், மக்கள் வாயில் நீரின் பெயரே மின்சாரத்துக்கு நிலைத்துவிட்டது. நம் நாட்டிலும் லக்சபானா என்ற நீர்வீழ்ச்சியின் பெயரை மின்சாரத்துக்கே ஆகுபெயராக வழங்கிய முதியோர் இருந்தனர் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஒன்ராறியோவில் நேரத்துக்கேற்ற கட்டணமும் உண்டு. மாலை ஏழு மணிக்குப் பின்னும் வார இறுதியிலும் அலகு மலிவு. துணி துவைப்பதை இரவுக்கு ஒத்திவைக்கும் குடும்பங்கள் இதனால் நன்மை அடைகின்றன.

நோர்வே நாட்டின் கதை இன்னும் சுவையானது. 1980களிலும் அதன் பின்னரும் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் அந்நாட்டின் வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதிக்குச் சென்று மீன் பதனிடும் சாலைகளில் உழைத்தனர். கதிரவனே எழாத மாரிக்காலம் உடைய நிலம் அது. மின்சாரமின்றி அங்கே ஒரு நாளும் வாழ இயலாது. அதை உணர்ந்தே போலும், அரசு வடபகுதி வீட்டு மின்சாரத்துக்குப் பெறுமதி சேர்க்கப்பட்ட வரியை விலக்கி வைத்துள்ளது. பின்னர் ஒஸ்லோவை நாடித் தெற்கே இறங்கியவர்கள் அச்சலுகையை இழந்தனர். 2021, 2022ஆம் ஆண்டுகளில் தென்பகுதியின் மின்விலை முன்னொருபோதும் காணாதவாறு ஏறியபோது வடக்கில் அது தாழ்ந்தே இருந்தது. ஒரே நாட்டுக்குள் ஊர் மாறினாலே கணக்கு மாறுமாயின், நாடு மாறுவதைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

ஜேர்மனிக்குச் செல்வோர் வேறொன்றை அறிதல் வேண்டும். அங்கே மாதந்தோறும் செலுத்துவது மதிப்பீட்டுத் தொகையே. ஆண்டு முடிவில் மின்மானியைப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பார்கள். மிகுதியாகச் செலவிட்டவருக்கு ஒரே தவணையில் பெருந்தொகை கேட்டு ஓலை வரும். இங்கிலாந்திலோ நாள்தோறும் ஒரு நிலையான கட்டணம் ஏறிக்கொண்டேயிருக்கும். 2025இல் அது மின்சாரத்துக்கு மட்டும் நாளொன்றுக்கு ஐம்பது பென்சைச் சுற்றி நின்றது. வீட்டைப் பூட்டிவிட்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து ஒரு மாதம் தங்கினாலும் அது ஓயாது. எந்நாட்டிலாயினும் புதுவீட்டிற் குடிபுகும் அன்றே மின்மானி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் முன்னிருந்தவர் எரித்ததற்கும் பொறுப்பேற்க நேரிடலாம். சமையற் கருவிகளைச் சுமந்து செல்வோர்க்கும் ஒரு சொல். இங்கிருந்து மாவரைக்கும் இயந்திரத்தை லண்டனுக்குக் கொண்டு செல்வதில் பிழையில்லை. கனடாவிலோ வீட்டுச் சுவரில் வருவது 120 வோற்று. நமது 230 வோற்றுக் கருவி அங்கே உழுந்தை அரைக்காது.

இவையெல்லாம் பணக் கணக்கு. பணத்தினும் பெரிதான ஒன்றும் இதில் உண்டு. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு நாட்டின் மின்வலைப் பின்னலிலிருந்து அறுபட்டது. மண்ணெண்ணெயும் கிட்டாத அந்நாட்களில், ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்துச் சிறிது எண்ணெய் ஊற்றித் திரி கொளுத்திப் பிள்ளைகள் படித்தனர். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு நாட்டின் பொது மின்சாரம் மீண்டும் வந்து சேர்ந்தது 2013இல்தான். அக்காலத்தைக் கடந்த ஒரு தாய் பிள்ளையுடன் வாழ வெளிநாடு போனால், ஆளில்லாத அறையின் விளக்கை அணைப்பதோடு நிற்பதில்லை. மகனுக்குச் செலவு வைக்கலாகாதென்று, தான் தனித்திருக்கும் பகற்பொழுதிற் சூடேற்றியையும் நிறுத்திவிட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு அமர்ந்திருப்பார். மாலையில் பிள்ளை வந்து கேட்டால், குளிரவில்லை என்பார். முதியோருக்கு இச்சிக்கனம் கேடு தரும். குளிர்காலத்தில் வீட்டினுள் வெப்பநிலை 18 பாகைக்குக் குறையலாகாதென்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவுறுத்தியுள்ளது; முதியோரும் குழந்தைகளும் உள்ள இல்லங்களுக்கு அதனினும் மிகுதி வேண்டப்படலாம். தாயாருக்குப் பட்டியலை மறைத்து வைப்பதிலும், இத்தனை மணி உழைப்பில் இது தீர்ந்துவிடுகின்றது என்று பட்டியலையே விரித்துக் காட்டுவது நலம். கணக்கறிந்த தோட்டக்காரர் மனைவிக்கு அது உடனே விளங்கும்.

மறுதிசைப் பயணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 30, 60, 90, 120, 180 அலகு என்ற எல்லைகளைக் கடக்குந்தோறும் அலகின் விலை உயர்வதோடு மாதாந்த நிலையான கட்டணமும் தாவும். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியதைப் புத்தூர் வீடுகள் மறந்திரா. பின்னர் குறைக்கப்பட்டதும் உண்மையே. முதியோர் இருவர் மட்டும் வாழும் வீடு சிக்கனத்தாற் கீழ்ப்படியிலேயே நிற்கும். ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து வரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெயில் தாளாமற் குளிரூட்டியை இரவு பகலாக இயக்குவர். குளிப்பதற்கு வெந்நீரும் வேண்டும். அங்கே இது சிறு செலவு. இங்கே அந்த ஒரு மாதம் வீட்டை 180 அலகுக்கு அப்பால் ஏற்றிவிடும். பட்டியல் படலையடிக்கு வரும்போது விருந்தினர் விமானம் ஏறியிருப்பர். ஆதலால், புறப்படுமுன் மின்மானியைப் பார்த்து, அம்மாதத்துக்கான தொகையைத் தந்தையாரின் கையிலே கொடுத்துவிட்டுச் செல்லும் பிள்ளைகளும் புத்தூரில் இருக்கின்றனர்.