கட்டணம் கட்டினால் போதுமா?

(நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று ஒரு நாவலைப் பற்றிப் பேசப் போகிறோம். பெற்றோர் கூட்டத்தில் நாவல் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மீசை அரும்பும் வயதில் பிள்ளை ஏன் வீட்டில் வாய் திறப்பதில்லை என்று கவலைப்படும் எல்லோருக்கும் அதில் செய்தி இருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சர் 1951-ல் வெளியிட்ட 'தி கேச்சர் இன் தி ரை' தான் அந்த நாவல். ஹோல்டன் என்ற 16 வயதுப் பையனின் கதை. விடுதிப் பள்ளியில் ஐந்து பாடங்களில் நான்கில் தேறவில்லை, வெளியேற்றிவிட்டார்கள். இப்படிப் பள்ளி மாறுவது அவனுக்குப் புதிதல்ல. பொய் சொல்கிறான், புகைக்கிறான், குடிக்கிறான். இவற்றை நாம் நியாயப்படுத்த வரவில்லை. ஏன் இப்படி ஆனான் என்பதே நம் கேள்வி.

வறுமையா? இல்லை. தந்தை நியூயார்க்கில் வசதியான வழக்கறிஞர். பெற்றோர் அடித்துக் கொடுமைப்படுத்தியவர்களும் அல்லர். ஆனால் ஹோல்டனுக்கு 13 வயதாக இருந்தபோது, தம்பி ஆலி இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனான். அன்றிரவு ஹோல்டன் கார் கொட்டகைக்குள் போய், ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் வெறுங்கையால் குத்தி உடைத்தான். கை காயத்தோடு மருத்துவமனையில் கிடந்ததால் தம்பியின் நல்லடக்கத்துக்குக்கூட அவன் போகவில்லை. மகனை மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று பெற்றோர் யோசித்தார்கள். மருத்துவரிடம் காட்டுவதில் தவறில்லை. ஆனால் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆலியைப் பற்றிப் பேசியதாகக் கதையில் எங்குமே இல்லை. தாய் தன் துக்கத்திலேயே நொந்துபோயிருந்தார். தந்தை கட்டணம் கட்டிக்கொண்டே இருந்தார்.

பள்ளியை விட்டு இரவோடு இரவாகக் கிளம்பியவன் நேரே வீட்டுக்குப் போகவில்லை. பள்ளியின் கடிதம் வந்து, பெற்றோரின் கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று ஊரிலேயே ஓட்டலில் தங்குகிறான். ரயில் நிலையத்தில் இறங்கியதும் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைகிறான். யாரை அழைப்பது? சுமார் 20 நிமிடம் நின்றுவிட்டு, யாரையும் அழைக்காமலே வெளியே வருகிறான். சொந்த வீடு இருக்கிற ஊரில்!

கடைசியில் அவனைத் தடுத்து நிறுத்தியது யார் தெரியுமா? 10 வயதுத் தங்கை ஃபீபி. அண்ணன் ஊரைவிட்டே போகிறான் என்று அறிந்ததும், தன் துணிகளைப் பெட்டியில் அடைத்து இழுத்துக்கொண்டு, நானும் வருகிறேன் என்று வந்து நின்றாள். அவன் பயணத்தைக் கைவிட்டான். அந்தச் சிறுமி அறிவுரை சொல்லித் திருத்தவில்லை. நீ எனக்கு வேண்டும் என்று காட்டினாள். ஆனால் பெரியவர்கள் சுமக்க வேண்டியதை ஒரு குழந்தை எவ்வளவு தூரம் சுமக்க முடியும்? பிறகு அவன் நோயுற்று, சிகிச்சையில் இருந்தபடிதான் இந்தக் கதையையே சொல்கிறான்.

யூசுஃப் நபி (அலை) சிறுவராக இருந்தபோது, தாம் கண்ட கனவைத் தந்தையிடம்தான் சொன்னார்கள். யாகூப் நபி (அலை) அதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். பிற்காலத்தில் மகனைப் பிரிந்த துயரத்தை அவர்கள் மற்றப் பிள்ளைகளிடம் மறைக்கவும் இல்லை.

ஆகவே மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் ஒருவர் மவுத்தானால், பிள்ளைகளை ஒதுக்கிவைக்காமல் அவர்களோடு மவுத்தானவரைப் பற்றிப் பேசுங்கள். மதிப்பெண் குறைந்தால், திட்டுவதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். வாப்பா சபரில் இருந்தால், பிள்ளை நடுராத்திரியிலும் தயங்காமல் கூப்பிட மாமா, சாச்சா என்று ஒரு பெரியவரைக் காட்டிவையுங்கள்.

கல்வி உதவி கேட்டு வரும் பிள்ளைகளிடம் மதிப்பெண் பட்டியலோடு, "மனசுவிட்டுப் பேச உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்றும் இந்த ஆண்டு கேட்கிறோம். யாருமில்லை என்று சொல்லும் பிள்ளைகளுக்காக உங்களில் சிலருடைய நேரம் தேவைப்படுகிறது. முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.