வழியிற் கிடக்கும் முள்



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்திலே சைக்கிள் ரயரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால் உங்களிற் சிலர் வானொலியை நிறுத்திவிடக்கூடும். சற்றுப் பொறுங்கள். வழியும் வழியின் இடரும் நமது இலக்கியத்துக்குப் புதிய பொருள்கள் அல்ல. பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். ஆறு என்றால் வழி. போய்வந்தவன் போகப்போகிறவனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. அந்தப் பண்பு இன்று நமது வீதிகளிலே எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சைக்கிளில் இருந்தபடி பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

நான் ஓர் ஆசிரியன். பாடசாலைக்குப் போக ஆறு மைல், திரும்பிவர ஆறு மைல் சைக்கிளில் ஓடுகிறவன். யாழ்ப்பாணக் குடாநாடு மலையும் மேடும் இல்லாத சமதரை. சைக்கிளுக்கென்றே வாய்த்த நிலம் என்று சொல்லலாம். மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்டன என்பது உண்மைதான். ஆயினும் காலை ஏழு மணிக்கு எங்கள் வீதிகளில் ஒன்றிலே நின்று பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகள், மரக்கறி மூட்டையோடு சந்தைக்குப் போகிறவர்கள், கரியரிலே பெட்டி கட்டிய மீன் வியாபாரிகள், பாரிலே மட்டக்கோலைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் மேசன்மார் என்று ஒரு பெருங்கூட்டம் இன்றும் சைக்கிளை நம்பியே வாழ்கிறது. அவர்களுக்குச் சைக்கிளின் காற்றுப் போவது சிறு தொல்லை அன்று. நாட்கூலிக்காரருக்கு அன்றைய வேலை போகும். மீன் வியாபாரிக்குப் பெட்டியிலே மீன் பழுதாகும். பிள்ளைக்கு முதற் பாடம் போகும்.

காற்றடைத்த ரயர் ஒரு தகப்பனின் அன்பிலே பிறந்தது. பெல்பாஸ்ற் நகரிலே மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப் தமது மகனின் மூன்று சில்லு வண்டி கரடுமுரடான தரையிலே குலுங்காமல் ஓடவேண்டுமென்று றப்பர்க் குழாயிலே காற்றடைத்துச் சில்லுக்குச் சுற்றினார். 1888ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1876இல், றப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்து கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவிலே நடப்பட்டிருந்தன. ஆக, நாம் மிதித்துச் செல்லும் ரயருக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு.

அந்த ரயருக்கு எங்கள் மண்ணிலே வாய்த்த முதற் பகை நெருஞ்சி. தரையோடு படர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் இந்தச் செடியைக் குறுந்தொகையிலே அள்ளூர் நன்முல்லையார் எடுத்தாண்டிருக்கிறார். பார்வைக்கு இனிய அதன் பூ பின்னர் முள்ளாகித் துன்பம் தருவதுபோல, முன்பு இனியவனாக இருந்த தலைவன் இப்போது இன்னாதவனாகி விட்டான் என்று தலைவி தோழிக்குச் சொல்வதாக அந்தப் பாட்டு அமைகிறது. நெருஞ்சிக் காய் முற்றி உலர்ந்தால் துண்டு துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் முள் இருக்கும். அது எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும். வீதிக் கரையிலே ஒதுங்கி ஓடுகிறவனின் ரயரிலே அது ஏறுவதற்கு வேறென்ன வேண்டும்?

நெருஞ்சியாவது தானாக முளைப்பது. மற்றவை நாமே போடுபவை. வேலி வெட்டும் காலம் வந்தால் கிளுவைக் கொப்புகளும் முள்முருக்குக் கொப்புகளும் ஒழுங்கையிலே விழும். தடித்த கொப்புகள் விறகுக்குப் போய்விடும். முள்ளுக் குச்சிகள் ஒழுங்கையிலேயே கிடக்கும். வீடு கட்டுமிடத்திலிருந்து பலகை ஏற்றிப்போகும் உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து ஆணிகள் சிந்தும். முள்ளுக்கம்பித் துண்டுகள், பழைய கூரை ஆணிகள், இரவிலே குடித்துவிட்டு உடைத்தெறிந்த போத்தல்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றுள் எதுவும் தானாக வந்து வீதியிலே படுத்ததில்லை.

சைக்கிள் திருத்தும் கடையிலே சற்றுநேரம் இருந்து பார்த்தால் இவை எல்லாவற்றையும் அறிந்துகொள்ளலாம். ரியூப்பைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீரிலே அமுக்குவார்கள். குமிழி வரும் இடத்தை அடையாளமிட்டு, துடைத்து, உரோஞ்சி, சொலுசன் பூசி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்டுப் போடுவார்கள். அனுபவமுள்ளவர் உடனே ரியூப்பை மாட்டமாட்டார். ரயரின் உட்புறத்தைச் சுற்றிவர விரலால் மெதுவாகத் தடவிப் பார்ப்பார். முள் அங்கேயே இருந்தால் ஒட்டுப் போட்டும் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். துளையைப் பார்த்தே காரணத்தையும் சொல்லிவிடுவார். ஒற்றைத் துளை என்றால் முள் அல்லது ஆணி. பக்கத்திலே பக்கத்திலே இரண்டு துளைகள் என்றால் காற்றுக் குறைந்த ரயர் குழியின் விளிம்பிலே மோதி, ரியூப் ரிம்முக்குள் நெரிபட்டிருக்கிறது. முன் ரயரைவிடப் பின் ரயரே அதிகம் துன்பப்படும். பாரத்திலே பெரும்பகுதியைச் சுமப்பது அது. கிடையாகக் கிடக்கும் ஆணியை முன்சில்லு கிளப்பிவிட, பின்சில்லிலே அது ஏறும். கடும் வெயிலிலே நாள் முழுவதும் சைக்கிளை விட்டால் றப்பர் வெடித்துப் பொருக்காகும். அழுக்குப் போக மண்ணெண்ணெயிலே துடைத்தால் றப்பர் ஊதிக் கெட்டுப்போகும். இவை புத்தகம் படித்து வந்த அறிவு அல்ல. வாங்கிலே இருந்து கேட்டு வந்த அறிவு.

என் வயதினருக்கு ரயரின் அருமை வேறு விதமாகவும் தெரியும். 1990ஆம் ஆண்டு ஆனியிலே போர் மீண்டும் மூண்ட பிறகு குடாநாட்டுக்கு எரிபொருள் வரத்து முடங்கிற்று. மின்சாரமும் நின்றது. அப்போது நான் பாடசாலைச் சிறுவன். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது சைக்கிள். விறகும் தண்ணீரும் நெல்லும் சுமந்தது சைக்கிள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றித் தைனமோவால் வானொலி கேட்டவர்கள் நாங்கள். இந்த உரையை இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிற் சிலரும் அப்படிச் சில்லைச் சுற்றியவர்களாக இருக்கலாம். வெடித்த ரயரின் உள்ளே பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து ஓடினோம். 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, குடும்பங்களின் மிச்சம் மீதியெல்லாம் சைக்கிள்களின் மீதே இருந்தன. அன்று ஏறுவதற்கு இடமில்லை, உருட்டிக்கொண்டு போனோம். அந்த நெரிசலிலும் “முன்னாலே குழி, பார்த்து வாங்கோ” என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் பின்னால் வருபவருக்குச் சொல்ல, அந்தச் சொல் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, மூலையிலே சாத்தி வைத்த சைக்கிள்களை நாடு முழுவதுமே தேடி எடுத்தது. சைக்கிளின் விலையும் உதிரிப் பாகங்களின் விலையும் ஏறின. பெற்றோல் மீண்டும் கிடைத்ததும் பலர் இறங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாதவர்கள் அதிலேயே இருக்கிறார்கள்.

2009இலே போர் முடிந்த பின்னர் எங்கள் வீதிகள் பல அகலமாகிக் காபெட் போடப்பட்டன. முன்பு பல்லும் பொக்கையுமாகக் கிடந்த வீதிகள் இப்போது கண்ணாடிபோல் இருக்கின்றன. இதை நான் நன்றியோடுதான் சொல்லுகிறேன். ஆனால் வீதி வழுவழுப்பாக வழுவழுப்பாக வேகம் கூடிற்று. சைக்கிள்காரன் கரைக்குத் தள்ளப்பட்டான். அந்தக் கரையைச் சற்றுக் கவனியுங்கள். காபெட் முடியுமிடத்துக்கும் அருகிலுள்ள கிரவல் தரைக்கும் இடையிலே நாலு விரற்கிடை உயரம், சில இடங்களில் ஒரு சாண் உயரம் இருக்கும். பின்னால் வரும் பேருந்து ஹோர்ன் அடிக்கிறது. ஒதுங்கினால் சில்லு கீழே விழும். ஏற முயன்றால் அந்த விளிம்பு சில்லை இழுத்து ஆளை வீதிக்குள்ளே சரித்துவிடும்.

எனது மாணவன் ஒருவன் உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இவ்வாறுதான் விழுந்தான். அவனை ஒதுக்கிய வாகனம் நிற்கவில்லை. வலக்கை முறிந்தது. வாசித்ததெல்லாம் தலையிலே இருந்தது. எழுதுவதற்குக் கை இல்லை. அடுத்த ஆண்டு தோற்றிச் சித்தியடைந்தான் என்பது உண்மை. ஆனால் வறிய வீட்டுப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு என்பது என்ன என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அவன் உயிரோடு எழுந்தான். எழாதவர்களும் உண்டு.

இன்னும் சில இடர்கள் உள. 2014ஆம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. தண்டவாளத்தைச் சரிவாகக் கடப்பவரின் சில்லு அதன் இடுக்கிலே விழுந்து சறுக்கும். நேர்குறுக்காகவே கடக்க வேண்டும். இரவிலே கட்டாக்காலி மாடுகள் நடுவீதியிலே படுத்திருக்கும். மாரியிலே வெள்ளம் நிறைந்த குழிக்கும் வெள்ளம் நிற்கும் வீதிக்கும் வேற்றுமை தெரியாது.

இந்த மாரிக்குழியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை நினைவுக்கு வரும். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் புறப்படும்போது, வழித்துணையாக வரும் கவுந்தியடிகள் வழியின் இடர்களை எடுத்துச் சொல்கிறார். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும். கவனியாதவரை அவை வீழ்த்தும். சரி, பூக் குவியலை விட்டு விலகி நடப்போம் என்றால், தாழத் தொங்கும் முதிர்ந்த பலாப்பழத்திலே தலை மோதும். இளங்கோவடிகள் சொன்ன இந்த இக்கட்டு இன்றைய சைக்கிள்காரனின் இக்கட்டே. குழியிலே இறங்கினால் ரிம் வளையும். குழியை விலக்கினால் பின்னால் லொறி வருகிறது. சைக்கிள்காரன் குடித்தவன்போல் வளைந்து வளைந்து ஓடுகிறான் என்று கோபிக்கும் சாரதிமார், அவன் எதை விலக்குகிறான் என்று ஒருதரம் பார்க்க வேண்டும்.

மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நன்னனிடம் பரிசில் பெற்றுவரும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தர்க்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு அது. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள்ள வழி, ஆகவே விடிந்த பிறகு செல்லுங்கள் என்கிறான். பாம்பு மறைந்திருக்கும் குழிகளைச் சொல்கிறான். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லைச் சொல்கிறான். இவற்றோடு அவன் நிறுத்தவில்லை. வழிகள் பிரிந்து மயங்கவைக்கும் சந்தியிலே, அந்த இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொல்கிறான். யாருக்காக? பின்னால் வரப்போகும், முகந்தெரியாத ஒருவருக்காக. வழி கேட்டவனே வழி சொல்பவனாகவும் ஆகிவிடுகிறான்.

இந்தப் பழக்கம் எங்களிடம் முற்றாக அழிந்துபோகவில்லை. நடுவீதியிலே பெரிய குழி விழுந்தால் யாரோ ஒருவர் பூவரசங் கொப்பை முறித்து அதிலே நட்டுவிட்டுப் போவார். இரவிலே சைக்கிளில் வரும்போது அந்தக் கொப்பைக் கண்டு விலகாதவர் எங்களில் இல்லை. நட்டவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அவருக்கு நன்றி சொன்னவரும் இல்லை. மலைபடுகடாத்தின் புல்முடிச்சு எங்கள் வீதியிலே பூவரசங் கொப்பாக நிற்கிறது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் கொப்பு நடுவதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. குழியை மூட வேண்டியவர்கள் மூட வேண்டும். காபெட் விளிம்பிலே கிரவல் போட்டு மட்டமாக்குவது பெருஞ்செலவான வேலையன்று. வீதி போடும் திட்டத்திலே சைக்கிள்காரனுக்கும் இரண்டு முழ அகலம் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்பதும் பேராசையன்று. வேலி வெட்டுகிறவர்கள் ஒழுங்கையைக் கூட்டிவிடலாம். வீடு கட்டுகிறவர்கள் ஆணிகளைப் பொறுக்கி ஒரு பேணியிலே போடலாம். சைக்கிள் ஓடுகிற நாமும் இரவிலே வெளிச்சம் இல்லாமல் ஓடுவதையும், மூவர் சமாந்தரமாகக் கதைத்துக்கொண்டு ஓடுவதையும் விட்டுவிட வேண்டும்.

எனது வகுப்பிலே மலைபடுகடாம் படிப்பிக்கும்போது மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை கொடுப்பதுண்டு. தத்தம் வீட்டிலிருந்து பாடசாலைவரை வரும் வழியின் இடர்களை, அந்த வழிக்குப் புதிதாக வரும் ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதும்படி கேட்பேன். உரையாசிரியர் சொன்னதை மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளைகள்கூட இதிலே தங்கள் சொந்தத் தமிழிலே எழுதிவிடுவார்கள். மதகடியிலே போத்தலோடு கிடக்கிறது, இடப்பக்கத்தாலே வாருங்கள் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று புள்ளி போட்டுவிட்டு, அந்தப் போத்தலோட்டை எடுத்துப் போட்டாயா பிள்ளை என்று கேட்டேன். எடுத்துவிட்டுத்தான் எழுதினேன் சேர் என்றாள்.

நேயர்களே, நாளைக் காலை உங்கள் வழியிலே ஓர் ஆணியோ ஒரு முள்ளோ கண்டால், உங்கள் ரயர் தப்பிவிட்டது என்று போய்விடாதீர்கள். ஒரு கணம் இறங்குங்கள். பின்னால் ஒரு பிள்ளை வருகிறது.