ஒரே ஒரு வில்லை வாங்குவோருக்கு

கொழும்பு வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாழும் இளைஞர் ஒருவர் திருமணப் படமெடுக்கும் தொழிலில் இறங்கத் துணிந்துள்ளார் என்று வைத்துக்கொள்வோம். தமக்கையாரின் நகையை ஈடு வைத்து ஆடியில்லாக் கமரா ஒன்றை வாங்கிவிட்டார். எஞ்சியுள்ள பணத்துக்கு ஒரே ஒரு வில்லைதான் வாங்க இயலும். அது பிழைத்தால் தொழிலும் பிழைக்கும், நகையும் மீளாது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் வரை ஏறியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரம் டொலர் வில்லை ஒன்றின் விலை இரண்டே மாதங்களில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் உயர்ந்துவிட்ட நாட்டில், வாங்கிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம் என்பது செல்வந்தர் பேச்சு.

இந்நகரின் புகழ்பெற்ற படக்கலைஞரான லயனல் வெண்ட் லைக்கா போன்ற கமராக்களில், நிலையான குவியத்தூரமுடைய வில்லைகளைக் கொண்டே படமெடுத்தார். காட்சி பெரிதாக வேண்டுமானால் முன்னே நடந்தார். சிறிதாக வேண்டுமானால் பின்னே நடந்தார். அவர் மறைந்தது 1944 இல். அதன்பின் 15 ஆண்டுகள் கழித்து, 1959 இல், வொய்க்லாண்டர் நிறுவனத்தின் 'சூமார்' வில்லை வெளிவந்தது. 36 முதல் 82 மில்லிமீற்றர் வரை குவியத்தூரத்தை மாற்றத்தக்க அவ்வில்லையே 35 மில்லிமீற்றர் நிழற்படக் கமராவுக்கென வந்த முதலாவது சூம் வில்லை. அகன்ற காட்சி தொடக்கம் முகத்தை மட்டும் காட்டும் நெருங்கிய காட்சி வரை, நாளாந்தத் தேவைகளை ஒன்றாலேயே நிறைவேற்றும் இவ்வகையையே இன்று பொதுநிலைச் சூம் வில்லை என்கின்றோம்.

ஆடியில்லாக் கமராவின் சிறப்பு அதன் பெயரிலேயே உண்டு. ஒளியைக் கண்ணை நோக்கித் திருப்பும் ஆடி நீங்கியதால் வில்லை உணரியை நெருங்கி அமர்கிறது. நிகொன் கமராவில் 46.5 மில்லிமீற்றராக இருந்த அவ்விடைவெளி இப்போது 16 மில்லிமீற்றர்தான்.

இனி, இளைஞரின் முதற் கேள்விக்கு வருவோம். 24 இல் தொடங்கும் வில்லையா, 28 இல் தொடங்குவதா? கடைக்காரர் நான்கு மில்லிமீற்றரில் என்ன இருக்கிறது என்பார். மணவறைக்கு முன்னே மூன்று மீற்றர் தூரத்தில் நின்று கணக்கிட்டால் உண்மை விளங்கும். முழு உணரிக் கமராவில் 24 மில்லிமீற்றர் வில்லை 4.5 மீற்றர் அகலத்தைப் பிடிக்கும். 28 மில்லிமீற்றர் வில்லை 3.9 மீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். வேறுபாடு ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர், அதாவது ஓர் ஆள் நிற்கும் இடம். மண்டபத்தில் பின்னே செல்ல இடமிருந்தால் கவலையில்லை. தொடர்மாடி வீட்டின் கூடத்திலோ முதுகு சுவரில் முட்டிவிடும். அப்போது படத்திலிருந்து விழுவது யார்? யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இரவு முழுவதும் பயணஞ் செய்து வந்து, ஓரத்தில் ஒதுங்கி நின்ற பேர்த்தியார். ஆனால் 24 இல் எடுத்தால் ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபட்டுத் தோன்றும் என்பதும் மெய்யே. அவரை நடுவுக்கு அழைத்து நிறுத்துவதற்கு வில்லை தேவையில்லை.

இரண்டாவது கேள்வி ஒளியைப் பற்றியது. எஃப் 2.8 துவாரமுள்ள வில்லை எஃப் 4 வில்லையைப் போல் இரு மடங்கு ஒளியை உள்ளே விடும். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில் மண்டபத்தைப் போன்ற இடத்தில் திருமணம் நிகழ்ந்தால் இதன் அருமை தெரியும். (கோயிலாரின் அனுமதி முதலில் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?) எஃப் 4 இல் அறுபதில் ஒரு செக்கன் தேவைப்படும் இடத்தில், எஃப் 2.8 இல் நூற்றிருபத்தைந்தில் ஒரு செக்கன் போதும். கமராவின் உள்ளே அசைவு தாங்கும் பொறி இருக்கிறதே என்பார் சிலர். அது படமெடுப்பவரின் கை நடுக்கத்தைத் தாங்கும்; தவில்காரரின் விரல்களையோ தாலி முடியும் கையையோ நிறுத்தி வைக்காது.

ஆடிவேல் விழாவுக்குக் கணக்கு வேறு. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கித் தேர் வரும்போது கூட்டத்தை விலக்கி முன்னே செல்ல இயலாது. பகலொளியில், 105 அல்லது 120 மில்லிமீற்றர் வரை நீளும் எஃப் 4 வில்லையே அங்கு கைகொடுக்கும். குடும்பத்துக்கும் பயணத்துக்கும் மட்டும் படமெடுப்பவர் இவ்வகையை வாங்குவதே அறிவுடைமை. திருமணத்தை நம்பி வாழ்பவருக்கு எஃப் 2.8 தான். சோனியின் 24-70 மில்லிமீற்றர் இரண்டாம் பதிப்பு 695 கிராம். டம்ரொனின் 28-75 மில்லிமீற்றர் 540 கிராம், விலையும் மிகக் குறைவு. நம் இளைஞர் அந்த 60 சென்ரிமீற்றரை இழந்து, கடனைக் குறைத்துக்கொள்வதே நன்று. அவருடைய கமராவின் உணரி சிறியதாயின் குவியத்தூரத்தை ஒன்றரையால் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 16 என்பது 24 ஆகும், 18 என்பது 27 ஆகும். சிக்மாவின் 18-50 மில்லிமீற்றர் எஃப் 2.8 வில்லை 290 கிராம்தான். நாள் முழுவதும் தோளில் தூக்குபவருக்கு இது சிறு செய்தியன்று.

பழைய வில்லை வாங்குவதில் இழுக்கில்லை. ஆனால் கடற்காற்றும் ஈரமும் நிறைந்த இந்நகரில் வில்லைக்குள் பூஞ்சணம் படர்வது சாதாரணம். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், துவாரத்தை முற்றாகத் திறந்து, பின்புறமிருந்து கைவிளக்கைப் பாய்ச்சி, முன்புறத்தால் சரித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தென்பட்டால் எவ்வளவு மலிவாயினும் திருப்பிக் கொடுத்துவிடலாம். வளையத்தைத் திருப்பும்போது மணல் அரைவது போன்ற நெருடல் இருந்தாலும் அப்படியே. நல்லதாக வாங்கி வந்ததைத் தோற்பைக்குள் பூட்டி அலுமாரியில் வைக்கலாகாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுப் புகாத பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவை ஈரமேறியதும் மாற்றிவர வேண்டும்.