முகம் உண்டு, பெயர் இல்லை



ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது எங்கள் உத்தனப்பள்ளி. விடியற்காலையில் கம்பெனி பஸ்சுக்குக் காத்திருப்பவர்களின் பேச்சைக் கொஞ்சம் நின்று கேட்டால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் காதில் விழும். வேலை தேடி வந்த வடமாநிலப் பிள்ளைகளின் இந்தியும் ஒடியாவும் இப்போது அதில் கலந்திருக்கின்றன. தக்காளிக்குத் தெலுங்கில் விலை சொன்னால் கன்னடத்தில் குறைத்துக் கேட்பார்கள்; கணக்கு தமிழில் முடியும்.

இப்படிப் பலரும் கலந்து வாழும் நிலத்தை ஒரே படத்துக்குள் கொண்டுவர முடியுமா? நூறு ஆண்டுகளுக்கு முன்பு சோவியத் நாட்டில் ஒருவர் அதைச் செய்து பார்த்தார். அவர் ஜிகா வெர்த்தோவ். 1926இல் அவர் உருவாக்கிய மௌன ஆவணப்படத்தின் பெயர் 'உலகின் ஆறில் ஒரு பங்கு'. பூமியின் நிலப்பரப்பில் அன்றைய சோவியத் ஒன்றியம் ஏறக்குறைய அவ்வளவு இருந்தது.

அவருடைய ஒளிப்பதிவாளர்கள் பனி உறைந்த வடகோடிக்குப் போனார்கள். காகசஸ் மலைக்கும் மத்திய ஆசியாவுக்கும் போனார்கள். கடல் அலையில் ஆடுகளைக் குளிப்பாட்டுபவர்கள், கலைமான் மேய்க்கும் நெனெத்ஸ் மக்கள், உஸ்பெக்குகள், புரியாத்துகள் எல்லோரும் திரையில் வருகிறார்கள். இடையிடையே தோன்றும் எழுத்து அட்டைகள் அவர்களை 'நீங்கள்' என்று நேராக அழைக்கின்றன. அரங்கில் உட்கார்ந்து படம் பார்ப்பவரையும் அப்படியே அழைக்கின்றன. இந்த நிலத்தின் உடைமையாளர்கள் நீங்கள் எல்லோரும்தான் என்கிறது படம். பழங்குடிகளைக் காட்சிப்பொருளாக மட்டும் பார்த்துப் பழகிய அந்தக் காலத்தில் இது பெரிய மரியாதை. அதற்காக வெர்த்தோவை நான் வணங்குகிறேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் படத்தை எடுக்கச் சொன்னது கோஸ்தோர்க் என்னும் அரசு வாணிப நிறுவனம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் அதன் கப்பலுக்காக நெனெத்ஸ் மக்கள் மென்மயிர்த் தோல்களோடு காத்திருக்கிறார்கள். கிராமபோனில் லெனின் குரலைக் கேட்கிறார்கள். அவர்களுடைய வழிபாடுகள், மறைய வேண்டிய பழைமையாகக் காட்டப்படுகின்றன. அந்த மேய்ப்பருக்குப் பெயர் என்ன, அந்தத் தோலுக்கு அவர் கேட்ட விலை என்ன என்பதைப் படம் சொல்வதே இல்லை. அவருக்குப் படத்தில் முகம் உண்டு, பெயர் இல்லை. பேசுவதெல்லாம் மாஸ்கோதான்.

எல்லோரையும் திரையில் காட்டிய அந்த நாடு எல்லோரையும் காப்பாற்றியதா? 1943, 1944 ஆண்டுகளில் ஸ்டாலின் அரசு கல்மீக்கியர், செச்சென்கள், கிரிமியத் தாத்தார்கள் ஆகிய இனங்களை ஒட்டுமொத்தமாகச் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்துத் தொலைதூரத்துக்கு அனுப்பியது. படத்தில் இடம் கிடைத்துவிட்டால் மண்ணில் இடம் உறுதி என்று அர்த்தமில்லை.

எல்லோரையும் ஒரே படத்தில் காட்டும் முயற்சி நம் நாட்டிலும் நடந்தது. அரசின் ஆவணப்பட நிறுவனமாக இருந்த பிலிம்ஸ் டிவிஷனுக்காக எஸ். சுக்தேவ் 'இந்தியா 67' என்ற படத்தை எடுத்தார். வர்ணனைக் குரலே இல்லாமல், பல வகை மக்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதிகாரக் குரலை விலக்கியது நல்ல அடி. அடுத்த அடி, மக்களின் குரலைக் கேட்பது.

அந்த அடியை நாமே எடுத்து வைக்கலாம். இன்று எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. தொழிற்பேட்டைக்காக நிலத்தைக் கேட்டபோது, கொடுக்க மாட்டோம் என்று போராடிய விவசாயிகள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அந்தத் தொழிற்சாலைகளை நம்பி ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரின் கதையும் இந்த மண்ணின் கதைதான்.

இளைஞர்களே, உங்கள் ஊரைப் படம் பிடியுங்கள். பிடிப்பதற்கு முன், எதிரே நிற்பவரின் பெயரைக் கேளுங்கள். அவர் மொழியிலேயே அவரைப் பேச விடுங்கள். எடுத்து முடித்ததும் முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள்.