பேத்தமங்கலா தண்ணீரும் தங்கவயல் ஓட்டும்



நாம் கூடியிருக்கும் இந்த ஊர், பௌரிங் என்ற வெள்ளைக்காரக் கமிஷனரின் பெயரால் ஒருகாலத்தில் பௌரிங்பேட்டை. பெயரில் பங்காரு, அதாவது பொன், பிறகுதான் ஏறியது. பொன் தோண்டியதோ இங்கிருந்து மாரிகுப்பம் வரை கிளைவழி ரயில் போகும் பக்கத்து ஊரான தங்கவயல். இரண்டும் இன்று அடுத்தடுத்த சட்டமன்றத் தொகுதிகள். தங்கவயலுக்கு எண் 146, பங்காருபேட்டைக்கு 147. இரண்டுமே தனித்தொகுதிகள்.

தங்கவயலில் ஜெயித்தவர்களின் பட்டியலை வாசித்துப் பாருங்கள். 1978இல் குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகம். 1983இல் அ.தி.மு.க.வின் பக்தவத்சலம். 1985இல் மார்க்சிஸ்ட் டி.எஸ். மணி. 1989இல் மறுபடி பக்தவத்சலம். 1994இல் குடியரசுக் கட்சி ராஜேந்திரன், 1999இல் பக்தவத்சலம், 2004இல் ராஜேந்திரன். நீலக்கொடி, செங்கொடி, இரட்டை இலை! இவற்றில் எதுவும் பெங்களூரில் ஆட்சி நடத்திய கட்சியல்ல. சுரங்கமே தில்லியின் கையில் இருந்தபோது, பெங்களூரில் யார் ஆண்டால் என்ன என்று லைன் வீடுகளில் குடியிருந்த சுரங்கத் தொழிலாளர்கள் நினைத்திருக்கலாம். 1978 முதல் 2004 வரை எந்தக் கட்சியையும் அடுத்தடுத்து இரண்டு முறை உட்காரவிடாத ஊர் அது.

2008இல் பட்டியல் சட்டென்று வேறு முகம் காட்டுகிறது. பா.ஜ.க.வின் சம்பங்கி, 2013இல் அவருடைய தாயார் ராமக்கா, 2018இலும் 2023இலும் காங்கிரசின் ரூபகலா. 'ஜனங்கள் மனசு மாறிவிட்டார்கள்' என்று எழுதிவிடுவது சுலபம். என் வாதம் வேறு: மாறியது ஜனங்களின் மனசு என்பதைவிட, எந்த ஜனங்கள் என்பதுதான். குல்தீப் சிங் ஆணையத்தின் தொகுதி மறுவரையறையில் பேத்தமங்கலா என்ற தொகுதியே மறைந்தது. அதன் கிராமங்கள் தங்கவயலோடு சேர்ந்தன. தெலுங்கும் கன்னடமும் பேசும் விவசாயிகள், தமிழ் பேசும் சுரங்க நகரத்தோடு ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

நம்மவர்களில் சிலர் இதைச் சதி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொகுதிக்குத் தொகுதி தலைக்கணக்கு ஏறத்தாழ ஒத்துவர வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. அதற்குக் கையிலிருந்தது 2001 மக்கள்தொகைக் கணக்கு. அந்தக் கணக்கின் தேதியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அது மார்ச் 1ஆம் தேதி விடியும் நள்ளிரவை ஒட்டிய கணக்கு. சுரங்கம் மூடப்பட்டது பிப்ரவரி 28. வேலையிழந்த முதல் இரவிலேயே ஊர் தலை எண்ணப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். பிழைப்புக்காகப் பெங்களூர் ரயிலேறியவர்களும், ஊரைவிட்டே போனவர்களும் அதற்குப் பிந்திய கதை. அந்தக் கதை 2008இல் போட்ட கோட்டுக்குள் வரவேயில்லை.

இன்னொன்று. பேத்தமங்கலா தங்கவயலுக்கு அந்நிய ஊர் அல்ல. பாலாற்றில் கட்டிய பேத்தமங்கலா ஏரியிலிருந்துதான் சுரங்க நகரத்துக்குக் குடிதண்ணீர் வந்தது. குழாய் வழியே ஒரு நூற்றாண்டு உறவு இருந்தும், தண்ணீர் கொடுத்தவர்கள் பக்கத்தில் வந்து நின்றபோது 'இவர்கள் யார்?' என்று கேட்ட நகரத்துக்காரர்களில் நானும் ஒருவன். 2018இல் தங்கவயல், பங்காருபேட்டைத் தாலுகாவிலிருந்து பிரிந்து தனித் தாலுகாவானபோதும் பேத்தமங்கலா அதோடுதான் போனது. தேர்தல் கோடு முன்னே போக, வருவாய்த் துறை பின்னே போயிற்று.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜெயித்தவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். வாக்குச்சாவடி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைச் சாவடிகள் 2004இலும் 2008இலும் யாருக்குப் போட்டன என்று ஒப்பிட்டால், மனமாற்றம் எவ்வளவு, கோட்டுமாற்றம் எவ்வளவு என்று பிரியும். என் வாதம் அதில் தோற்றால் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் கருத்தரங்கின் நிகழ்ச்சிநிரலைப் புரட்டினேன். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பற்றி, ஊரிகம் பற்றி, ராபர்ட்சன்பேட்டை பற்றிக் கட்டுரைகள் இருக்கின்றன. பேத்தமங்கலாக்காரர் எழுதியது ஒன்றுகூட இல்லை. அழைப்பு தமிழில் மட்டுமே அச்சானது. அந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு. அமைப்பாளர்கள் மாலைக்குள் இரண்டு பேரையாவது அழைத்துவந்தால், என் முடிவுரை நேரத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். முதல் அமர்வு தொடங்கட்டும்.