ஆடி மாசத்துக் கொழுந்து



அப்புத்தளையில் பிறந்தவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர் மலை முதுகின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஹல்துமுல்லைப் பள்ளம், மறுபக்கம் பண்டாரவளையை நோக்கி இறங்கும் தேயிலை மலைகள். ஆடி பிறந்தால் தென்மேற்குக் காற்று தன்னிடமுள்ள மழையை அட்டன் பக்கம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்களிடம் வரும். நாங்கள் குடியிருந்த லயத்தின் கூரைத் தகரம் ராத்திரி முழுக்க அடித்துக்கொள்ளும்.

இந்த வறண்ட காற்றுதான் எங்கள் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை செடி தண்ணீருக்கு ஏங்கும். வளர்ச்சி மட்டுப்படும். இலை சிறுக்கச் சிறுக்க வாசம் ஏறும். 1890 இல் தாமஸ் லிப்டனின் தம்பேத்தன்னை ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, எழுந்த மலையிலும் இதே காற்றுதான் வீசுகிறது. கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை விழுவது இந்த மாதங்களில்தான்.

எங்கள் வீட்டுக் கணக்கு வேறு.

செடி வளராவிட்டால் கொழுந்து ஏது? மற்ற மாதங்களில் மத்தியானத்துக்குள் நிறைகிற கூடை, ஆடியில் பொழுது சாய்ந்தும் பாதியில் நிற்கும். கேட்ட கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கனத்துக்காக முத்தல் இலையைக் கிள்ளிப் போட்டால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கொட்டிப் பார்த்து ஏசுவார்கள். உலகம் அதிக விலை கொடுத்துக் குடிக்கும் தேயிலையைப் பறிக்கிற மாதத்தில்தான் எங்கள் அடுப்பில் ரொட்டி மெலிந்தது. சின்ன வயதில் எனக்கு இது புரியவில்லை. புரிந்த பிறகு மறக்கவும் முடியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் மடுவத்துக்குப் போய் நிற்பேன். ஒருநாள் கொழுந்து எடுத்து வந்த அம்மாவின் நிறுவை மிகவும் குறைந்துபோனது. கணக்கப்பிள்ளை எழுதியதை அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்புப் படங்கை அவிழ்த்து உதறிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். வளைவு திரும்பிய பிறகுதான் வாய் திறந்தார். "தண்ணி இல்லாத செடிக்கிட்ட என்னாத்தடா கேக்குறது?"

செடி மேல் அவருக்குக் கோபமே வந்ததில்லை. கோபமெல்லாம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில்தான். நூல் மாதிரி விழும் தண்ணீருக்குக் குடம் வைத்துவிட்டு, ராத்திரி பத்து மணி வரைக்கும் பெண்கள் குளிரில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கேதான் சண்டை, அங்கேதான் சிரிப்பு, கல்யாணப் பேச்சும் அங்கேதான். அம்மா குடத்தோடு திரும்பும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். ஈரக்கையால் என் போர்வையை இழுத்து விடுவார்.

அப்பாவுக்கு ஸ்டோரில் கொழுந்து வாட்டும் வேலை. ராத்திரி வேலை முடிந்து விடியற்காலையில் வருவார். ஆடியில் அவர் வந்தால் கதவு திறக்கும் முன்பே வாசம் காம்பராவுக்குள் வந்துவிடும். அந்த வாசத்தோடு இருந்தாரே ஒழிய, அந்தத் தேயிலையை அவர் குடித்ததில்லை. எங்களுக்குக் கிடைத்தது தோட்டத்தில் கொடுக்கிற தூள்தான்; கறுத்த சாயம், கொஞ்சம் சீனி.

1984 இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனது. அதுவரை ஒரு நாள் முழுக்க மலையில் நின்றாலும் பெண்ணுடைய பேருக்குக் காசு குறைவு. சேதி வந்த அன்று அம்மா சந்தோஷப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. "இவ்வளவு நாளா எடுத்தது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பிறகு நான் கொழும்பில் வேலைக்குப் போனேன். ஒரு கடையில் ஊவாத் தேயிலைப் பாக்கெட் ஒன்று கண்ணில் பட்டது. விலை, ஒரு நாள் பேருக்கு மேலே. வாங்கிக்கொண்டு உடரட்ட மெனிக்கே ரயிலில் ஏறினேன். அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மாவும் வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

அம்மா பாக்கெட்டைக் கத்தரித்து மூக்கருகில் கொண்டுபோனார். வெகுநேரம் இறக்கவில்லை.

"இது ஆடிக் கொழுந்துடா," என்றார். "உங்கப்பா சட்டையில இந்த வாசந்தான் அடிக்கும்."

அடுப்பில் தண்ணீர் வைத்தார். பிறகு, முப்பது வருஷம் தன்னோடு பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவரை நடுச்சுவரைத் தட்டிக் கூப்பிட்டார்.

"இங்க வாங்கக்கா. நம்ம மலைத் தேத்தண்ணி வந்திருக்கு."